தந்தி என்றால் எந்தத் தந்தி?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1930களின் தமிழ்ப் பேப்பர்கள் சில கிடைத்தன. ஒரு பக்கத்தில் 'தந்திகள்' என்று தலைப்புப் போட்டு லண்டன் செய்தியாக அடுக்கியிருக்கிறார்கள். மருந்து விளம்பரம் ஒன்றின் அடியில் 'தந்தி' என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல். இன்னொரு விளம்பரம் வீணைக்குத் தந்தி விற்கிறது. எல்லாம் ஒரே சொல்லா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: ஒரே சொல்தான். மூத்தது வீணைத் தந்தி. வடமொழியில் 'தந்த்ரீ' என்றால் நரம்பு, கம்பி. அதுதான் தமிழில் தந்தியாகி வீணையிலும் தம்புராவிலும் இருந்துகொண்டிருந்தது. கம்பி வழியே சேதி அனுப்பும் ஏற்பாட்டை இந்தியாவில் 1855-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள் இல்லையா, அதற்கும் நம் ஆட்கள் அந்தக் கம்பியின் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்புறம் கம்பியில் ஓடிய சேதியும் தந்தி, சேதியை எழுதிக் கொடுத்த காகிதமும் தந்தி.

பேப்பரில் 'தந்திகள்' என்று தலைப்புப் போட்டால், சுடச்சுட வந்தது என்று அர்த்தம். கடல் கடந்து கப்பல் தபாலில் வந்த சேதி வாரக்கணக்கில் பழசு, தந்தியில் வந்தது நேற்றோ முந்தாநாளோ நடந்தது. 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழின் பெயரிலேயே தந்தி இருப்பதும் இந்த அர்த்தத்தில்தான்.

விளம்பரத்தில் இருப்பது தந்தி விலாசம். தந்திக்குச் சொல் கணக்கில் காசு, விலாசத்தில் வரும் சொல்லுக்கும் சேர்த்து. கம்பெனி பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதினால் கட்டுப்படியாகுமா? அதனால் தந்தி ஆபீசில் ஒற்றைச் சொல்லைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள், அதையும் ஊர் பெயரையும் எழுதினாலே தந்தி சரியாகப் போய்ச் சேரும். உங்கள் மருந்துக் கம்பெனியின் சொல் என்னவென்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

ஆனால் பேப்பரில் 'வாழ்த்துத் தந்திகள் குவிந்தன' என்று படித்த அதே காலத்தில், ஊர்ப்பக்கம் 'தந்தி வந்திருக்கு' என்றால் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் பொருள். எங்கள் வீட்டிலேயே நடந்தது. சித்தப்பாவுக்கு வேலை கிடைத்ததாக வந்த தந்தியைக் கையில் வாங்கிய பாட்டி, இங்கிலீஷ் தெரியாமல், பிரித்துக்கூடப் பார்க்காமல் திண்ணையிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்துத் தெரு வாத்தியார் வந்து படித்துச் சொல்வதற்குள் துக்கம் கேட்க நாலு பேர் வந்தாயிற்று, அவர்களுக்கு அப்புறம் காப்பி போட்டுக் கொடுத்தார்களாம்.

கேள்வி: 'குளிரில் பல் தந்தி அடித்தது' என்று கதைகளில் எழுதுகிறார்களே, அது எந்தத் தந்தி? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: தந்தி ஆபீஸ் தந்தி. கட்டையைக் கையால் தட்டத் தட்ட 'டக், டகடக' என்று சத்தம் வரும், வெடவெடத்துப் பல்லோடு பல் மோதுகிற சத்தமும் ஏறக்குறைய அதேதான். தந்தி சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். இன்று அந்த வரியை எழுதுகிற பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள், பல் அடித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.