முகத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். வெளிநாட்டு வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. உங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தன் வீட்டில் போக்கர் என்ற சீட்டாட்டம் வைக்கிறார். அவருக்கு 50 வயது நிறைகிறது. எல்லோரும் பணம் போட்டு, அவருக்கென்றே தனியாக அச்சடித்த போக்கர் சிப் செட் ஒன்று (பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வட்ட வில்லைகள்) கொடுப்பதாக முடிவு செய்து, "உனக்குத்தான் டிசைன் வரும்" என்று வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். உங்களுக்கோ போக்கரே தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது, கூடவே உங்கள் பங்காகத் தமிழில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

புதிதாக வந்தவனிடம் இந்த மாதிரி வேலை வந்து சேர்வது நல்லதுதான். "அவர் எப்படி ஆடுவார், எத்தனை பேர் வருவீர்கள்" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க ஒரு சாக்கு கிடைக்கும். எனக்கு அப்படித்தான் மூன்று நண்பர்கள் கிடைத்தார்கள். ஆனால் நான் வாங்கிக் கொடுத்த செட் படுதோல்வி. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நண்பர் ஒருவருக்காக 500 சிப் செய்யச் சொன்னேன். நான்கு நிறம். ஒவ்வொன்றின் நடுவிலும் அவருடைய சிரித்த முகம், சுற்றிலும் பெயர், கீழே பிறந்த தேதி. பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். ஆட்டம் தொடங்கியதும்தான் வினை. மேசையில் சிப்புகளைத் தட்டையாகப் பரப்பி யாரும் வைத்துக்கொள்வதில்லை. பத்து, இருபதாக அடுக்கி வைக்கிறார்கள். அடுக்கில் மேலே இருக்கும் ஒரு சிப்பின் முகம் மட்டும்தான் தெரியும், மீதி பத்தொன்பதின் விளிம்புதான் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுவதே போக்கரில் பாதி வேலை. என் செட்டில் விளிம்பு நான்கு நிறத்துக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோடு, அடர் நீலமும் கறுப்பும் வேறு அடுத்தடுத்த மதிப்பு. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் நீலம் என்று நினைத்துக் கறுப்பைத் தள்ளிவிட்டார். மூன்றாவது மாதம் அந்தப் பெட்டி அலமாரிக்குப் போனது. பழைய சிப்புகள் மேசைக்குத் திரும்பின.

அதனால் டிசைன் செய்ய உட்காரும்போது முகப்பை ஒதுக்கிவிட்டு விளிம்பிலிருந்து தொடங்குங்கள். பெரிய சூதாட்டக் கூடங்களின் சிப்புகளைப் பார்த்தால் விளிம்பில் வேறு நிறத் துண்டுகள் இருக்கும். அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல அது. பக்கவாட்டில் பார்த்தே, கேமராவில் பார்த்தாலும், மதிப்பு தெரிய வேண்டும். உங்கள் செட்டிலும் ஒவ்வொரு மதிப்புக்கும் அடிப்படை நிறம் ஒன்று, விளிம்புத் துண்டின் எண்ணிக்கையோ அகலமோ வேறு என்று வையுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. எட்டுப் பேர் உட்காரும் மேசையில் அப்படி ஒருவர் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அவர் அதை வெளியே சொல்லியிருக்கவும் மாட்டார்.

எந்த நிறத்துக்கு எந்த மதிப்பு என்பதில் உலகம் முழுக்க ஒரே விதி கிடையாது. அமெரிக்கக் கூடங்களில் பரவலாக வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500. ஆடிப் பழகியவர்களுக்கு இது கையோடு ஊறிப்போனது. புதுமை செய்கிறேன் என்று சிவப்பை 100 ஆக்கினால் இரவு முழுக்கக் குழப்பம்தான்.

அடுத்தது எடை. விளம்பரம் எல்லாம் "14 கிராம்" என்று பெரிய எழுத்தில் கத்தும். கனமாக இருந்தால் உயர்ந்த சரக்கு என்று நானும் நம்பினேன். உண்மையில் கூடங்களில் புழங்கும் களிமண் கலவைச் சிப்புகள் 8 முதல் 10 கிராம் வரைதான். 11.5, 13.5, 14 கிராம் என்று விற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் உள்ளே ஓர் உலோக வில்லையை வைத்து எடை ஏற்றியவை. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத் தகுதிச் சுற்று வழியாக நுழைந்து உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றார். அவருடைய கடைசிப் பெயரே 'பணம் பண்ணுபவர்'தான், நான் வைத்ததல்ல. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போக்கர் பரவியது, இந்தக் கனத்த பிளாஸ்டிக் செட்டுகளும் அலுமினியப் பெட்டியோடு எங்கும் நிறைந்தன. அவை மோசம் என்று சொல்லவில்லை. வழுவழுவென்று இருப்பதால் உயர்ந்த அடுக்கு சட்டென்று சரியும், அவ்வளவுதான்.

தனியாக அச்சடிக்க மூன்று வழி உண்டு. மலிவானது, ஆயத்தச் சிப்பின் நடுக்குழியில் ஸ்டிக்கர் ஒட்டுவது. என் நண்பரின் முகம் அப்படி ஒட்டப்பட்டதுதான். வியர்த்த விரல்கள் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி, இரண்டாவது மாதத்திலேயே நெற்றிப் பக்கம் உரியத் தொடங்கியது. சூடான அச்சால் பொன் அல்லது வெள்ளி நிறப் படலத்தை அழுத்துவது இரண்டாவது. ஒரே நிறம், இரண்டு மூன்று எழுத்துதான் எடுபடும், ஆனால் பார்க்கக் கண்ணியமாக இருக்கும். மூன்றாவது செராமிக். பெயரைப் பார்த்துச் சுட்ட மண் என்று நினைக்க வேண்டாம், கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக்தான். மையைச் சூடேற்றி மேற்பரப்புக்குள்ளேயே இறக்குவதால் உரிவதற்கு ஒன்றும் இல்லை. முகப்பு முழுவதும், விளிம்பிலும்கூட வேண்டியதை அச்சிடலாம். சுமார் 10 கிராம் இருக்கும். உங்கள் நிலைமைக்கு நான் கையைக் காட்டுவது இதைத்தான். உண்மையான களிமண் கலவையில் விளிம்புத் துண்டுகளைத் தனியே வெட்டிப் பதித்து அழுத்திச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் காத்திருப்பு நீளம், பிறந்தநாள் உங்களுக்காகக் காத்திருக்காது.

எதுவானாலும் மாதிரிச் சிப் இரண்டு மூன்று வரவழைத்துத் தொட்டுப் பார்க்காமல் மொத்தத்துக்கும் பணம் கட்டாதீர்கள். விட்டம் 39 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. அதற்கு மேல் போனால் அவரிடம் இருக்கும் தட்டிலும் பெட்டியிலும் உட்காராது.

எத்தனை சிப் வேண்டும் என்பதற்கு முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் வீட்டில் ஆடுவது டோர்னமென்டா, கேஷ் கேமா? டோர்னமென்டில் எல்லோரும் ஒரே தொகை கட்டி, சம அளவு சிப்போடு தொடங்கி, கடைசி ஆள் நிற்கும் வரை ஆடுவார்கள். சிப்பில் இருக்கும் எண்ணுக்கும் பணத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கேஷ் கேமில் சிப்பின் மதிப்பே பணம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து மாற்றிக்கொண்டு போகலாம்.

டோர்னமென்ட் என்றால், ஆளுக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். 25இல் எட்டு, 100இல் எட்டு, 500இல் நான்கு, 1,000இல் ஏழு. மொத்தம் 27 சிப். எட்டுப் பேருக்கு 216. ஆக 300 சிப் இருந்தாலே, தோற்றவர் மறுபடி வாங்கி உள்ளே வர 84 மிச்சம் இருக்கும். கேஷ் கேம் என்றால் சின்ன மதிப்பு நிறைய வேண்டும். ஆளுக்கு 200 என்றால் 1இல் இருபது, 5இல் பதினாறு, 25இல் நான்கு, ஆக 40 சிப். எட்டுப் பேருக்கு 320. அங்கே 300 பற்றாது, 500 வாங்குங்கள். எல்லா நிறமும் சம எண்ணிக்கையில் வரும் ஆயத்தப் பிரிவை ஏற்காதீர்கள். மேல் மதிப்புச் சிப்புகள் தொடாமலே கிடக்கும், கீழ் மதிப்பு பாதியிலேயே தீரும்.

ஒவ்வொரு நிறத்திலும் பத்து பதினைந்து கூடுதலாகச் சொல்லுங்கள். தொலைந்ததற்குப் பதிலாகப் பின்னால் செய்யச் சொன்னால் அதே பச்சை வராது, அடுத்த தடவை ஓட்டும் அச்சில் நிறம் ஒரு சாயல் மாறிவிடும்.

எண் போடுங்கள், நாணயக் குறி போடாதீர்கள். குறி இல்லாவிட்டால் அதே சிப்பைச் சில்லறைக் காசு ஆட்டத்துக்கும் பெரிய ஆட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், நாடு மாறினாலும் உதவும். நிறுவனச் சின்னத்தைக் கேட்காமல் போட வேண்டாம். புகழ்பெற்ற சூதாட்டக் கூடத்தின் டிசைனை அப்படியே எடுக்கவும் வேண்டாம். அது அடுத்தவர் உரிமை, ஒழுங்கான அச்சகம் ஏற்றுக்கொள்ளாது.

இப்போது தமிழ் வரி. தாராளமாகப் போடுங்கள். ஆனால் 500 சிப்பிலும் வேண்டாம், டீலர் பட்டனில் போடுங்கள். சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட மேசையைச் சுற்றி நகரும் பெரிய வட்ட வில்லை அது. ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஒவ்வொரு முறை சீட்டுப் போடும்போதும் நகரும், எல்லோர் கண்ணிலும் படும். அவர் பெயர், வயது, உங்கள் தமிழ் வாழ்த்து எல்லாம் அங்கே அழகாக உட்காரும். யாராவது "இது என்ன எழுத்து?" என்று கேட்பார்கள். அதுவும் ஒரு பேச்சுதானே.

அச்சுக்கு அனுப்பும்போது கவனம். நான் எழுத்தை எழுத்தாகவே அனுப்பிவிட்டேன். அவர்கள் கணினி தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. நண்பர் பெயரின் முதல் எழுத்து 'செ'. அதன் கொம்பு இடப்பக்கம் நிற்காமல் வலப்பக்கம் ஏறி அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அச்சடித்தவருக்கு எது சரி என்று தெரிய வழியில்லை, ஒப்புதல் படத்தைச் சரியாகப் பார்க்காமல் "ஓகே" சொன்னது நான். எழுத்துகளை முதலில் வெறும் கோட்டுருவாக மாற்றி, வெக்டர் கோப்பாக அனுப்புங்கள். ஒப்புதல் படம் வந்ததும் கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். 39 மில்லிமீட்டரில் 'ணை', 'னை' சுழிகள் நெருங்கி ஒரே கறுப்புத் திட்டாகிவிடும், அதற்கும் பட்டனே மேல். திரையில் பளிச்சென்று மின்னும் பச்சையும் ஆரஞ்சும் அச்சில் ஒரு படி மங்கும், அதையும் மனதில் வையுங்கள்.

வேறு நாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அங்கிருந்து இங்கே வர எத்தனை நாள், சுங்கத்தில் என்ன வரி என்று முன்பே விசாரியுங்கள். சில நாடுகளில் சூதாட்டப் பொருள் என்ற பெயரில் நிறுத்திவிடுவார்கள். வீட்டில் பணம் வைத்து ஆடுவது பற்றிய சட்டமும் இடத்துக்கு இடம் வேறு. விசாவில் இருப்பவர் நீங்கள், ஒருமுறை படித்து வையுங்கள். ஊருக்குப் போய் வருபவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம் என்ற யோசனை வந்தால், 500 செராமிக் சிப் வெறும் சிப்பாகவே 5 கிலோ. கனமான பிளாஸ்டிக் என்றால் 7. அவருடைய பெட்டியில் அவருக்கும் கொஞ்சம் இடம் வேண்டும்.

பெட்டியில் அதிகம் செலவழிக்காதீர்கள், ஆனால் கைப்பிடியையும் கீலையும் சோதியுங்கள். அந்த எடையில் முதலில் விட்டுப்போவது அவைதான். மிச்சம் பணம் இருந்தால் முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்த சீட்டுக்கட்டு இரண்டு சேருங்கள். காகிதச் சீட்டு சில இரவுகளில் மூலை மடங்கிவிடும், மடங்கிய மூலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஆள் எல்லா மேசையிலும் ஒருவர் உண்டு.

பணம் போட்டவர்கள் எல்லோருக்கும் மாதிரிப் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். எட்டுக் கருத்து வரும், பிறந்தநாள் போய்விடும். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து, நான்கு நிறத்தையும் அடுக்கி, மின்விளக்கைக் குறைத்து, இரண்டடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் பிரித்துச் சொன்னால் ஆர்டர் போடலாம்.

பார்சல் வந்ததும் பரிசுத் தாளைச் சுற்றும் முன்னால் இருபது இருபதாக அடுக்கி எண்ணுங்கள். எனக்குப் பச்சையில் ஓர் அடுக்கே குறைவாக வந்திருந்தது. அது தெரிந்தது ஆட்டத்துக்கு நடுவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது.