மூன்று நாடுகளுக்கு ஆட வாய்ப்புள்ள மகன்: அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா,

உங்கள் குரல்பதிவை முழுதாகக் கேட்டேன். மகன் பிறந்தது ஜேர்மனியில், வளர்வது தென் லண்டனில், நீங்களும் அண்ணியும் யாழ்ப்பாணத்தவர். பதினைந்து வயதில் ஒரு நல்ல உதைபந்தாட்டக் கிளப்பின் அகாடமியில், அதாவது இளம் வீரர்களைப் பயிற்றும் பிரிவில், இருக்கிறான். எந்த நாட்டுக்கு ஆடினால் அவன் எதிர்காலத்துக்கு நல்லது, ஜேர்மனியா இங்கிலாந்தா இலங்கையா என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் அண்ணி பின்னாலிருந்து கேட்டதும் காதில் விழுந்தது: "இது சரிவராட்டி இவன் என்ன செய்வான்?"

அண்ணியின் கேள்விக்கே முதலில் வருகிறேன். தேசிய அணி ஒரு வேலை அல்ல. சம்பளம், காப்புறுதி, மருத்துவம், தினசரிப் பயிற்சி எல்லாம் கிளப்பிலிருந்து வருகிறது. ஆண்டுக்குச் சில வாரங்கள் கூப்பிடும் இடம்தான் தேசிய அணி. கிளப்பில் இடம் நிலைத்தால் நாடுகள் தாமாகத் தேடி வரும், நிலைக்காவிட்டால் மூன்று கடவுச்சீட்டு இருந்தும் பயனில்லை. ஆகவே இந்த ஆண்டு வீட்டில் பேச வேண்டியது பதினாறு வயதில் வரும் ஸ்கொலர்ஷிப் ஒப்பந்தத்தைப் பற்றி.

இங்கிலாந்தில் இது பொதுவாக இரண்டு ஆண்டு ஏற்பாடு. பயிற்சியோடு படிப்பும் சேர்ந்தே நடக்கும், சிறிய உதவித்தொகையும் உண்டு. பதினேழு வயதிலிருந்துதான் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியும். அது கிடைப்பவர்கள் சிறுபான்மை. பதினெட்டில் கிளப் விட்டுவிடும் பிள்ளைகளே அதிகம், இதை மகனிடமும் மறைக்க வேண்டாம். ஒப்பந்தம் தரப்பட்டால் முதல் கேள்வி படிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். பல கிளப்புகள் பிடெக் (BTEC, பொறியியல் பட்டமல்ல) போன்ற தொழில்சார் படிப்பைத்தான் தருகின்றன. ஏ லெவல் படிக்க விடுவார்களா, எந்தப் பள்ளியோடு, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பிடெக் தாழ்வானதல்ல, அதை வைத்துப் பல்கலைக்கழகம் போகிறவர்கள் நிறைய. ஆனால் மகனுக்குக் கணிதத்தில் பிடிப்பு என்றீர்கள். அப்படியென்றால் ஏ லெவல் கணிதத்தையாவது பிடித்துக்கொள்வது நல்லது. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக் காலத்தில் ஒரு வாரப் பயிற்சியை விட்டுக்கொடுக்க மறுக்கும் கிளப் என்றால், அதன் படிப்பு வாக்குறுதிகளை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

சரி, நாடுகளுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான கதை ஜேர்மனி வீரர் ஜமால் முசியாலாவுடையது. 2003இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். அப்பாவின் பூர்வீகம் நைஜீரியா, அம்மா ஜேர்மனியர். அம்மாவின் படிப்புக்காக ஏழு வயதில் இங்கிலாந்து வந்து, பிறகு லண்டன் கிளப்பான செல்சியின் அகாடமியில் வளர்ந்தார். குரொய்டனிலுள்ள விட்கிஃப்ட் பள்ளியில் படித்தவர், உங்கள் பக்கம்தான். இங்கிலாந்தின் இளையோர் அணிகளுக்கு ஆடிக்கொண்டிருந்தவர் 2019இல், பதினாறு வயதில், ஜேர்மன் கிளப்பான பயேர்ன் மியூனிக்குக்குப் போனார். 2021 பெப்ரவரியில், பதினெட்டு நிறையும் நேரத்தில், ஜேர்மனியைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த மாதமே முதல் ஆட்டம்.

இதில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கிளப், அங்கே மூத்த அணியில் இடம், கடைசியில்தான் நாடு. இளையோர் அணிக்கு ஆடியது அவரை இங்கிலாந்தோடு கட்டிப்போடவில்லை. உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி சங்கம், அதாவது ஆடும் நாடு, மாற ஒருமுறை அனுமதி உண்டு, அதை அவர் பயன்படுத்திக்கொண்டார். ஆகவே நாளைக்கு இங்கிலாந்தோ ஜேர்மனியோ பதினாறு வயது அணி முகாமுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் அனுப்புங்கள். அது வாழ்நாள் முடிவு அல்ல. மூத்த அணிதான் வேறு கதை.

முனீர் எல் ஹத்தாதியைப் பாருங்கள். ஸ்பெயினில் பிறந்த மொரோக்கோ வம்சாவளிப் பையன், பார்சலோனா வீரர். 2014 செப்டம்பரில், பத்தொன்பது வயதில், மசிடோனியாவுக்கு எதிரான யூரோ (ஐரோப்பியக் கிண்ணம்) தகுதிச்சுற்று ஆட்டத்தில் மாற்று வீரராகக் கடைசிச் சில நிமிடங்கள் ஸ்பெயினுக்காக இறங்கினார். ஸ்பெயினின் மூத்த அணி பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை. 2018 உலகக் கிண்ணத்துக்கு மொரோக்கோவுக்காக ஆட விரும்பினார். ஸ்பெயினுக்காக ஆடிய அந்தச் சில நிமிடங்கள் நட்பு ஆட்டமல்ல, அதிகாரபூர்வப் போட்டி ஆட்டம் என்பதால் விளையாட்டு நடுவர் நீதிமன்றம்வரை போயும் அனுமதி கிடைக்கவில்லை. 2020இல் விதி தளர்ந்த பிறகு, 2021இல்தான் மொரோக்கோ உடை போட முடிந்தது. இப்போதைய விதி ஓரளவு கருணையுள்ளது: கடைசிப் போட்டி ஆட்டம் இருபத்தொரு வயதுக்கு முன் இருக்க வேண்டும், நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூத்த அணிக்கு மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, உலகக் கிண்ணம், யூரோ போன்ற இறுதித் தொடர்களில் இறங்கியிருக்கக் கூடாது, கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மூத்த அணிக்கு ஆடியவர் மாற விரும்பினால், முன்பே மற்ற நாட்டின் குடியுரிமை கையில் இருந்ததா என்று ஃபிஃபா பார்க்கும். அப்பா அம்மா அங்கே பிறந்தவர்கள் என்பது மட்டும் போதாது, குடியுரிமையும் வேண்டும். உங்கள் மகனிடம் இப்போது ஜேர்மன் கடவுச்சீட்டு மட்டும்தான். இங்கிலாந்துக்கு ஆடப் பிரித்தானியக் குடியுரிமை வேண்டும், அதோடு அங்கே குறைந்தது ஐந்து ஆண்டு பள்ளிப் படிப்பு. படிப்பு இருக்கிறது, குடியுரிமை இல்லை. 2024 ஜூனிலிருந்து ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால், பிரித்தானியக் குடியுரிமை எடுத்தால் ஜேர்மன் கடவுச்சீட்டு போய்விடும் என்ற பழைய பயம் இனி இல்லை. இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள். இலங்கையும் இரட்டைக் குடியுரிமை தருகிறது, ஆனால் நீங்கள் இருவரும் ஜேர்மன் குடியுரிமை எடுத்த ஆண்டைப் பொறுத்து மகனுக்கான வழி மாறும். அதை ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், வீரர்களுக்குக் கிளப் பேசித்தரும் ஏஜென்டிடம் அல்ல.

இலங்கை அணி பற்றி நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டீர்கள். கூச்சப்பட எதுவுமில்லை. லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, ஜேர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக் போன்ற புலம்பெயர் வீரர்கள் அதற்கு ஆடியிருக்கிறார்கள். ஆனால் இலங்கை உதைபந்தாட்டச் சங்கத்தை ஃபிஃபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தி ஓகஸ்டில்தான் விடுவித்தது. அந்த மாதங்களில் எந்த வீரருக்கும் சர்வதேச ஆட்டம் கிடையாது. பதினைந்து வயதில் அந்தக் கதவைத் திறக்கவோ மூடவோ வேண்டாம். இருபது, இருபத்திரண்டில் மனம் போனால் போகட்டும். இன்யாக்கி வில்லியம்ஸ் கானாவுக்கும் தம்பி நிக்கோ ஸ்பெயினுக்கும் ஆடுகிறார்கள், அந்த வீட்டில் யாரும் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை.

ஜேர்மன் கடவுச்சீட்டின் உண்மையான பெறுமதி வேறு இடத்தில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரை நாடு விட்டு நாடு கிளப் மாற்ற ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பதினாறிலிருந்து மாறலாம். பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரித்தானியா அந்த வட்டத்துக்கு வெளியே. முசியாலா போன 2019இல் இந்தச் சிக்கல் இல்லை. இப்போது ஒன்றியக் கடவுச்சீட்டு உள்ள பிள்ளைக்கு அந்த வழியைக் கேட்டுப் பார்க்க இடம் உண்டு, ஆனால் ஃபிஃபாவின் முன்அனுமதி இல்லாமல் நடக்காது. அப்படி ஒரு ஜேர்மன் கிளப் கூப்பிட்டால் விடுதி, பள்ளி, பொறுப்பாளர் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், விதிப்படி அது அவர்கள் கடமை. மகனுக்கு ஜேர்மன் மொழி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. பதினாறு வயதில் வகுப்பறையில் ஊமையாக உட்காருவது, மாற்று வீரர் வாங்கில் உட்காருவதைவிடக் கஷ்டம்.

ஏஜென்ட் ஒருவர் இன்ஸ்டாகிராமில் எழுதியதாகச் சொன்னீர்கள். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் பதிவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா, சிறுவர்களோடு வேலை செய்யத் தனி அனுமதி உண்டா என்று பாருங்கள். ட்ரயலுக்கு, அதாவது கிளப் சோதித்துப் பார்க்கும் ஆட்டத்துக்கு, முன்பணம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை முடித்துவிடலாம். வேல்ஸில் பிறந்து பார்ன்ஸ்லிக்கு ஆடிய விமல் யோகநாதனின் பெயரைச் சொல்லி, "அடுத்த தமிழ் வீரர் உங்கள் மகன்தான்" என்று தொடங்குகிறவர்களிடமும் கொஞ்சம் கவனமாக இருங்கள். விமல் உழைத்து வந்த பிள்ளை, அவர் பெயரை யாரோ விளம்பரத்துக்கு எடுக்கிறார்கள்.

கிளப் கூட்டத்துக்கு அண்ணியையும் கூட்டிப் போங்கள். பயிற்சியாளர் மட்டுமல்ல, கல்விப் பொறுப்பாளரும் வர வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். காயம்பட்டுப் பல மாதம் ஆட முடியாமல் போனால் ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். 2025 ஜூலையில் முசியாலாவுக்கே கால் எலும்பு முறிந்தது, ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய ஒப்பந்தம் இருந்தது. உங்கள் மகனுக்கு இருக்கப்போவது இரண்டு ஆண்டுத் தாள்தான். அந்தத் தாளின் பிரதியைக் கையொப்பம் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள்.