விளிம்பில் இட்ட முட்டை

வணக்கம் சார்,

நியூசிலாந்தின் சாட்டம் தீவுகளில் வாழும் கருப்பு ராபினைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1980-ல் உலகத்திலேயே மொத்தம் ஐந்து பறவைகள், அதில் குஞ்சு பொரித்துத் தந்த பெட்டை ஒன்றே ஒன்று என்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது. இது நம் குண்டுக்கரிச்சானுக்குச் சொந்தமா? ஒரே ஜோடியின் வாரிசுகள் என்றால் நோய் நொடி தாங்குமா? எப்படியோ, மனிதன் மனம் வைத்தால் எதையும் காப்பாற்றலாம் என்பதற்கு இது போதாதா?

மீனா

அன்புள்ள மீனா,

குண்டுக்கரிச்சானுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயரில்தான் ராபின். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துத் தனிக் குடும்பம் இது. அதை விடுங்கள்.

கடைசி வரியில் நீங்கள் கேள்வி கேட்கவில்லை, தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கண் கலங்கியவர் முழுக் கதையையும் பார்த்திருக்க வேண்டாமா?

1976-ல் லிட்டில் மாங்கெரே பாறைத்தீவில் ஏழு பறவைகள்தான் மிச்சம். காடு பட்டுப்போய்க்கொண்டிருந்ததால் பக்கத்து மாங்கெரேவுக்கு மாற்றினார்கள். அங்கே காட்டை மீட்க 1,20,000 மரக்கன்றுகள் நட்டார்கள். அப்படியும் ஐந்தாகக் குறைந்தது. அதன் பிறகுதான் நியூசிலாந்து வனவிலங்குத் துறையின் டான் மெர்ட்டனின் குழு முட்டையில் கை வைத்தது. ஓர் ஈட்டுக்கு வழக்கமாக இரண்டு முட்டை. முதல் ஈட்டை எடுத்துவிட்டால் பெட்டை மறுபடி கூடு கட்டி இடும். எடுத்த முட்டைகளை சாட்டம் வார்ப்ளர் என்ற வேறொரு சிறு பறவையின் கூட்டில் வைத்தார்கள். அது பொரித்தது, ஆனால் குஞ்சு வளர வளர அதற்கு இரை கொடுத்து மாளவில்லை. அடுத்து டாம்டிட் என்ற பறவை. ராபினுக்கு நெருங்கிய சொந்தம், நன்றாக வளர்த்தது. அதிலும் ஒரு சிக்கல்: அங்கே வளர்ந்த குஞ்சு டாம்டிட் பாட்டைப் பாடி, டாம்டிட்டையே துணை தேடியது. அதனால் பறக்கத் தொடங்கும் முன்பே குஞ்சுகளை ராபின் கூட்டுக்குத் திருப்பவேண்டி வந்தது.

இதுவரை உங்கள் பக்கம்தான் நியாயம். இனிமேல்தான் விஷயம்.

சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் குழிக்குள் இடாமல் விளிம்பில் இட்டன. விளிம்பிலிருக்கும் முட்டைக்கு அடைச்சூடு கிடைக்காது, பொரிக்காது. ஒவ்வொரு முட்டையும் உயிராக இருந்த காலம். யார்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்? உள்ளே தள்ளி வைத்தார்கள். முட்டை பொரித்தது, குஞ்சு பிழைத்தது. ஆனால் அந்தப் பழக்கம் பரம்பரையாக வருவது. தாமாக அழிந்திருக்கவேண்டிய முட்டைகள் பிழைக்கப் பிழைக்க, விளிம்பில் இடும் மகள்களும் பெருகினார்கள். 1989 வாக்கில் பெட்டைகளில் பாதிக்கும் மேல் விளிம்பில் இட்டன. கூட்டுக்குக் கூடு ஆள் போய் முட்டையைத் தள்ளினால்தான் பிழைக்கும் ஒரு பறவையை வைத்துக்கொண்டு என்ன செய்வது மீனா? அதைக் காப்பாற்றியது என்றா சொல்வது?

தள்ளுவதை நிறுத்தினார்கள். விளிம்பு முட்டைகள் கெட்டுப்போகட்டும் என்று விட்டார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தப் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. முதல் முட்டையை எடுத்த துணிச்சலைவிட எனக்கு இந்த முடிவுதான் பெரிது. ஐந்து பறவை இருக்கும்போது கை வைக்காவிட்டால் குற்றம். நூறை நெருங்கும்போது கையை எடுக்காவிட்டாலும் குற்றம். 'மனம் வைத்தால் எதையும்' என்கிறீர்களே, இரண்டாவது குற்றத்தைச் செய்யவைப்பது அந்த மனசுதான்.

எடுக்கக்கூடாத கை ஒன்று உண்டு: எலியைத் தடுக்கும் கை. இந்தப் பறவை தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தேடும். சினையான ஓர் எலி கரையேறினால் போதும். படகு, சாப்பாட்டுப் பெட்டி, மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே பிரித்துப் பார்க்கவேண்டும். இதில் எந்தக் காலத்திலும் ஓய்வில்லை.

நோய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதே, மரபணு வேற்றுமை மிகமிகக் குறைவு. இன்றைக்கு மாங்கெரே, ரங்கட்டிரா இரண்டு தீவுகளிலும் சேர்த்து 250 சொச்சம் இருக்கின்றன, அத்தனையும் ஓல்ட் புளூ என்ற அந்தப் பெட்டையின் வழி வந்தவை. சில பெட்டைகள் இன்னமும் விளிம்பில்தான் இடுகின்றன. இப்போது அந்த முட்டைகளை யாரும் உள்ளே தள்ளுவதில்லை.

அன்புடன்.