ஐந்தாண்டுத் திட்டங்கள் சாதித்தது என்ன, சறுக்கியது எங்கே?

இதற்கு நான் பவானிசாகர் அணையிலிருந்துதான் தொடங்குவேன். 1951-ல் வந்த முதல் திட்டம் விவசாயத்துக்கும் பாசனத்துக்கும் முன்னுரிமை தந்தது. அந்தக் காலத்தில் எழுந்ததுதான் இந்த அணையும், 200 கி.மீ. ஓடும் கீழ்பவானி வாய்க்காலும். மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைத்த மேட்டுக்காடு சுமார் 2 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் கிடைத்தது. ஒற்றைப்படை எண் மதகு, இரட்டைப்படை எண் மதகு என்று இன்றும் மாற்றி மாற்றி முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். நாட்டளவில் இலக்கு ஆண்டுக்கு 2.1 சதவீத வளர்ச்சி, கிடைத்தது 3.6.

அப்புறம் 1956-ல் வந்த இரண்டாம் திட்டத்தில் கவனம் கனரகத் தொழிலுக்குத் திரும்பியது. உருக்காலைகள் வந்தன, ஆனால் அந்நியச் செலாவணி கரைந்தது. மூன்றாம் திட்டம்தான் பெரிய அடி. 5.6 சதவீதம் வளர வேண்டியது, அதில் பாதிதான் வளர்ந்தது. 1962-லும் 1965-லும் போர், கூடவே கடும் வறட்சி. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. 1966 முதல் மூன்றாண்டு ஐந்தாண்டுத் திட்டமே இல்லை.

அந்த நெருக்கடியில் உணவு அமைச்சராக இருந்தவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். வீரிய விதைக் கோதுமையை எதிர்ப்பை மீறி இறக்குமதி செய்தார். என் பார்வையில், திட்டத் தாளில் இருந்த எந்த இலக்கையும்விட அந்த முடிவுதான் பசியைக் குறைத்தது.