கடைப் பணமும் நெல் பணமும் ஒரே பாஸ்புக்கில்

கும்பகோணத்தில் பாத்திரக்கடை, வருஷ விற்பனை 18 லட்சம், அதில் 12 லட்சம் ஜிபேயில், மீதி ரொக்கம், கணக்கே எழுதவில்லை, கொள்முதல் நிலையம் போட்ட நெல் பணமும் அதே அக்கவுண்டில், வருமான வரிக் கணக்கை எப்படிக் காட்டுவது என்று எழுதியிருந்தீர்கள்.

பயப்படாதீர்கள். கணக்கு எழுதாமல், விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்ட விடும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஜிபேயில் வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8. அதாவது 72,000 + 48,000, மொத்தம் 1,20,000 லாபம் என்று காட்டலாம். நிஜமான லாபம் அதற்கு மேல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். வாடகை, கூலியை மறுபடி கழிக்க முடியாது.

சிக்கல் நெல்லில்தான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, சரி. ஆனால் செலவு போக அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-4 என்ற எளிய வரிப் படிவம் போட முடியாது, பெரிய படிவமான ஐடிஆர்-3தான். அதிலும் 44ஏடி காட்டலாம். கொள்முதல் ரசீது, சிட்டா, அடங்கல், உர பில், நடவுக்கூலிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பேசப்போவது அதுதான்.

அப்புறம், நெல்லுக்குப் பதிந்த அக்கவுண்டை மாற்றி அலைய வேண்டாம். கடைக்குப் புது அக்கவுண்ட் திறந்து, கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆரை மாற்றிவிடுங்கள்.