லூவின் சகோதரர்களும் ஒரு சிவப்புப் பிசாசும் – கடிதம்

அன்புள்ள சார்,

அமெரிக்க நாட்டுப்புறக் கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்த கன்ட்ரி ராக் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பேர்ட்ஸ் என்கிற ராக் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' ஆல்பத்தைக் கேட்க ஆரம்பித்தேன். அதில் 'த கிறிஸ்டியன் லைஃப்' என்று ஒரு பாட்டு. யாருடையது என்று தேடிப்போனால் லூவின் சகோதரர்கள், 1959, 'சேட்டன் இஸ் ரியல்' (சாத்தான் நிஜம்) என்ற ஆல்பம் என்று வந்தது. அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வெள்ளைக் கோட்டில் இரண்டு பேர், சுற்றிலும் தீ, பின்னால் ஒரு சிவப்புப் பிசாசு. ஆனால் பாட்டு ஓட ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. பாடுவது ஒருவரா இருவரா என்றே சில இடங்களில் பிடிபடவில்லை.

அப்புறம் அண்ணன் ஐராவின் வாழ்க்கையைப் படித்தேன். குடி, அடிதடி, நான்கு கல்யாணம், மனைவியே துப்பாக்கியால் சுட்டது. இப்படி வாழ்ந்தவர் குடிகாரனின் கதி என்ன என்று பக்தியாகப் பாடுவது வேஷம் இல்லையா? நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் வளர்ந்தவன், இப்போது போவதில்லை. அதனாலோ என்னவோ இந்தக் கேள்வி விடாமல் குடைகிறது. நம்பிக்கை இல்லாதவன் இந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்பது?

அன்புடன்,
ஜே., நாகர்கோவில்

அன்புள்ள ஜே.,

வேஷம் இல்லை. அந்த ஆல்பத்தில் வருகிற குடிகாரன் யாரோ ஊர்க்காரன் அல்ல, ஐராவேதான். அது அவருக்கும் தெரியும், பக்கத்தில் நின்று பாடிய தம்பி சார்லிக்கும் தெரியும்.

முதலில் அட்டை. அந்தப் பிசாசை ஐரா தன் கையால் செய்தார். ப்ளைவுட்டில் 12 அடி உயரம். அதை ஒரு கல்குவாரிக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தி, பழைய டயர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கொளுத்திப் படம் எடுத்தார்கள். எடுக்கும்போது மழை தூற ஆரம்பித்துவிட்டது, சூடேறிய பாறைகள் வெடித்துச் சில்லுகள் பறந்தன என்று சார்லி பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அந்த அட்டையைக் 'கேலியான பழைய அட்டைகள்' வரிசையில் சேர்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிசாசை ஒரு பேச்சுக்குச் சொல்கிறவன் மரம் அறுத்து, டயர் கொளுத்தி, வெடிக்கிற கல்லுக்கு நடுவில் போய் நிற்க மாட்டான்.

சகோதரர்கள் இருவரும் அமெரிக்காவில் அலபாமாவின் வடகிழக்கில் சான்ட் மவுன்டன் என்கிற மேட்டுநிலத்தில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். ஐரா 1924, சார்லி 1927. சொந்தக் குடும்பப் பெயர் லவுடர்மில்க். அப்பா கடுமையான ஆள், அவரிடம் அதிகம் அடி வாங்கியது ஐரா. அம்மா வழியில் வந்தது பாட்டு. அந்தப் பகுதியில் சேக்ரட் ஹார்ப் என்று ஒரு பாடும் முறை உண்டு. வாத்தியமே கிடையாது. நான்கு வகைக் குரல்காரர்களும் சதுரமாக, எதிரெதிரே பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்வரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று வடிவங்களாக அச்சிட்ட புத்தகம் கையில் இருக்கும். முதல் தடவை ஸ்வரத்தை மட்டும் பாடிவிட்டு அடுத்து வார்த்தையைப் பாடுவார்கள், அதுவும் அடித்தொண்டையிலிருந்து முழு பலத்தோடு. கேட்கிறவர்கள் என்று தனியாகக் கிடையாது, வந்தவர்கள் எல்லோரும் பாடுகிறவர்கள். சின்ன வயதிலிருந்தே அதைக் கேட்டு வளர்ந்த இரண்டு காதுகள் எப்படி ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவரா இருவரா என்று உங்களுக்குக் குழப்பம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேலே பாடுவது ஐரா, கீழே சார்லி என்பதுதான் பொதுவான ஏற்பாடு. ஆனால் பாட்டின் நடுவில், மெட்டு சார்லிக்கு எட்டாத உயரத்துக்குப் போகும்போது, இருவரும் சட்டென்று இடம் மாறிக்கொள்வார்கள். கண் ஜாடைகூடக் கிடையாது.

இப்போது ஆல்பத்தின் முதல் பாட்டான 'சேட்டன் இஸ் ரியல்' பாட்டைத் திரும்பக் கேளுங்கள். பாட்டு நின்று நடுவில் ஐரா பேச ஆரம்பிக்கிறார். ஒரு ஆலயத்தில் போதகர் தேவனைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்து, தேவன் நிஜம் என்று சொன்னீர்கள் சரி, சாத்தானும் நிஜம் என்று இவர்களிடம் சொல்லுங்கள் என்கிறார். தனக்கு ஒரு நல்ல குடும்பம் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது, எல்லாம் போயிற்று, பிள்ளைகளும் வழி தவறிப் போனார்கள் என்று சாட்சி சொல்கிறார். சர்ச்சில் வளர்ந்தவர் நீங்கள், சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவரின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐராவின் குரலில் கொஞ்சமும் மிரட்டல் இல்லை, களைப்புதான் இருக்கிறது. மொத்த ஆல்பத்தின் தொனியும் இங்கேதான் முடிவாகிறது. போதகர் என்ன சொன்னார் என்று பாட்டு அக்கறைப்படவே இல்லை, எல்லாம் இழந்தவனுக்குத்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறது.

'த நீலிங் ட்ரங்கர்ட்ஸ் ப்ளீ'யில் தள்ளாடிக்கொண்டு வருகிற ஒருவன் தன் அம்மாவின் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் விழுந்து இரக்கம் கேட்கிறான். இரக்கம் வேண்டும் என்கிற அந்த வரிக்கு வரும்போது ஐராவின் குரல் தம்பியின் குரலைவிட்டு மேலே ஏறிப்போய் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அதை நடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக ஐராவை நான் புனிதராக்கப் போவதில்லை. போதையில் மாண்டலினை மேடையிலேயே உடைப்பார், மனைவியை டெலிபோன் வயரால் கழுத்தை நெரிக்கப் போய்த்தான் அந்தப் பெண் அவரைச் சுட்டார். பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பெண் பட்டது பட்டதுதான், ஒரு அணுவும் குறையாது. தம்பிக்கும் பொறுமை தீர்ந்து 1963-இல் பிரிந்தார்கள். 1965 ஜூன் 20 அன்று மிசௌரியில் கார் விபத்தில் ஐராவும் அவருடைய நான்காவது மனைவியும் இறந்தார்கள். எதிரே வந்து மோதிய காரை ஓட்டியவர் குடித்திருந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஐரா மீதே அப்போது ஒரு வாரன்ட் நிலுவையில் இருந்தது. அவருக்கு வயது 41. சார்லி 2011 வரை இருந்தார், கடைசிவரை பாடினார். இரண்டு பேரும் ஒரே மைக்கில் பாடிப் பழகியவர்கள் என்பதால், ஹார்மனி (இரண்டு குரலும் வேறு வேறு ஸ்வரத்தில் இணைவது) வரும் இடத்தில் இன்னமும் இடதுபக்கம் நகர்ந்து அண்ணனுக்கு இடம் விடுகிறேன் என்று வயதான காலத்தில் சொன்னார்.

வேஷம் போடுகிறவன் தான் சுகமாக இருந்துகொண்டு அடுத்தவனுக்கு நரகத்தைக் காட்டுவான். ஐரா தனக்குத் தெரிந்த இடத்தைக் காட்டினார்.

பேர்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1968-இல் அவர்களுடைய ஆல்பத்துக்காக 'த கிறிஸ்டியன் லைஃப்' பாட்டை முதலில் பாடிப் பதிவு செய்தது அப்போது குழுவில் இருந்த கிராம் பார்சன்ஸ். பழைய இசைத்தட்டுக் கம்பெனியோடு அவருக்கு இருந்த ஒப்பந்தச் சிக்கலால் அவர் குரலை எடுத்துவிட்டு, குழுவின் தலைவர் ரோஜர் மெக்வின் பாடினார். நீங்கள் கேட்டது மெக்வின் குரல். அந்தத் தென்மாநில உச்சரிப்பு அவருக்கு ஒட்டவில்லை. பாட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நான் நம்பிக்கைக்கு வந்ததும் நண்பர்கள் விலகிப் போனார்கள், போகட்டும் என்று சொல்கிற பாட்டு அது. அந்த 'போகட்டும்' அவர் வாயில் லேசாகிவிடுகிறது. பார்சன்ஸ் பாடியது பிறகு, 1990-இல் வந்த தொகுப்பில், வெளியானது. தேடிக் கேளுங்கள். ஜார்ஜியாவில் வளர்ந்தவர், நீண்ட தலைமுடி வைத்த ராக் பையன், ஆனாலும் ஒரு வார்த்தையையும் கேலியாகப் பாடவில்லை. கன்ட்ரி ராக் என்று நாம் சொல்கிறதில் எனக்கு மிகவும் பிடித்த குணமே இதுதான், தாத்தா பாட்டியின் பாட்டைத் தலை குனிந்து வாங்கிக்கொள்வது. லூவின்களைக் கன்ட்ரி பாடகி எம்மிலூ ஹாரிஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பார்சன்ஸ்தான். 1975-இல் எம்மிலூவின் முதல் பெரிய ஹிட்டே ஒரு லூவின் பாட்டு. அதே வருஷம் 'எலீட் ஹோட்டல்' ஆல்பத்தில், இந்தப் பிசாசு ஆல்பத்தில் இருக்கிற 'சேட்டன்ஸ் ஜுவல்ட் கிரவுன்' பாட்டையும் பாடினார். பின்னால் வந்தவர்கள் பாடியதில் எனக்கு அதுதான் உசத்தி.

உங்கள் கடைசிக் கேள்வி. நம்பிக்கை இருந்தால்தான் கேட்கலாம் என்று எந்தப் பாட்டும் வாசலில் ஆள் நிறுத்தி வைப்பதில்லை. ஆனால் நம்பிக்கையைக் கழித்துவிட்டு 'ஹார்மனி மட்டும் அருமை' என்று கேட்டால் பாதிதான் கிடைக்கும். பாடுகிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டு கேளுங்கள், போதும். 'ஆர் யூ அஃப்ரெய்ட் டு டை' என்ற பாட்டு சாகப் பயமா என்று நேராகவே கேட்கிறது. அதற்கு நீங்களும் நானும் ஏதோ ஒரு பதில் வைத்திருக்கத்தான் செய்கிறோம், சர்ச்சுக்குப் போனாலும் போகாவிட்டாலும்.

பன்னிரண்டு பாட்டையும் வரிசை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள், சுமார் அரைமணி நேரம்தான். அடுத்து 1956-இல் வந்த 'ட்ராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்'. அதில் பிசாசு இல்லை, கொலையும் பிரிவும்தான், குரல்கள் அதே குரல்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், முக்கியமாக எது பிடிக்கவில்லை என்று.