வாசகர் கேள்வி: நண்டுக்குள் ஏன் தண்ணீர்?

கேள்வி: பெரிய நண்டாகப் பார்த்து வாங்கினேன். உடைத்தால் சதைக்குப் பதில் தண்ணீர். பழசைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: பழசு இல்லை, ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு. நண்டுக்கு எலும்புக்கூடு வெளியேதான்: கைட்டின் என்ற நார்ப்பொருளும் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்த ஓடு. அது வளராது. ஆகவே பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓடு உருவாகும். நண்டு தண்ணீரை உறிஞ்சி உப்பும். முதுகோட்டின் பின்விளிம்பு பிளக்க, அந்த வழியே பின்னோக்கி வெளியேறும். இரைப்பையின் உள்தோல்கூடக் கழன்றுவிடும். கொடுக்கை உடைத்தால் சதை நடுவே கண்ணாடி மாதிரி ஒரு தகடு வருமே, அதுவும் ஓட்டின் பகுதிதான். தசை அதைப் பிடித்துத்தான் கொடுக்கை மூடுகிறது.

புது ஓடு இறுகும்வரை உடம்பைத் தாங்குவது உள்ளிருக்கும் நீரழுத்தம். அமெரிக்க நீல நண்டில் இதை 2003இல் அளந்தே காட்டினார்கள். ஓடு சீக்கிரம் இறுகிவிடும், சதை நிரம்பத்தான் நாளாகும். ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

அடிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக, கீறலே இல்லாமல் இருந்தால் வேண்டாம். அடியோட்டையும் காலின் தடித்த கணுவையும் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் தள்ளிவையுங்கள். அழுக்கேறி, தேய்ந்து, அளவுக்கு மீறிக் கனப்பதே நல்ல நண்டு. அழகு பார்த்து நண்டு வாங்கக் கூடாது!

கேள்வி: எலும்பே இல்லாத மண்புழு எப்படி மண்ணைத் துளைக்கிறது?
– மாணவர், தேனி

பதில்: அதற்கும் நீர்தான் எலும்பு. வளையத் தசை இறுகினால் உடல் நீளும். நீளத் தசை இறுகினால் தடிக்கும். நுண்முட்கள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.